கிரீன் கார்டு விண்ணப்பத்தைக் கையாண்ட சட்ட நிறுவனம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் நான் பணிபுரியும் நிறுவனம், வெளிநாட்டு ஊழியர்களின் கிரீன் கார்டு வேலைகளை ஒரு பெரிய சட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. பெர்ம் (அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் பெறும் சான்று), ஐ-140 (ஊழியருக்காக நிறுவனம் குடிவரவுத் துறையிடம் தரும் மனு) ஆகிய இரு கட்டங்களும் அவர்கள் வழியாகவே எனக்கு முடிந்தன.

பெர்ம் கட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. தொழிலாளர் துறையிடம் ஊதிய நிர்ணயம் பெறுவது, இரு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம் கொடுப்பது, மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு வைப்பது என எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இக்கட்டத்தின் வழக்கறிஞர் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்று 2007 முதல் விதி இருப்பதால், என்னிடம் பணம் எதுவும் கேட்கவில்லை.

அவர்களுடைய திறமை உண்மையில் தெரிந்தது அனுபவச் சான்றிதழ் விஷயத்தில்தான். நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் பதவியையும் தேதிகளையும் மட்டும் குறிப்பிட்டு ரிலீவிங் லெட்டர் கொடுத்து அனுப்பிவிடும். இங்கோ அன்று செய்த பணிகளின் விவரமும் தேவைப்படுகிறது. சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் மனிதவளத் துறை அதைத் தர மறுத்தபோது, அப்போதைய மேலாளரிடமிருந்து உறுதிமொழிக் கடிதம் பெறலாம் என்று வழிகாட்டி, அதில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதி அனுப்பினார்கள்.

ஐ-140 ஒப்புதலுக்குப் பிறகுதான் சேவை சறுக்கியது. ஒப்புதல் அறிவிப்பின் நகலைக் கேட்டபோது, அது நிறுவனத்தின் ஆவணம் என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. மனிதவளத் துறையிடம் பலமுறை முறையிட்ட பிறகே நகல் கைக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 வேலைவாய்ப்புக் கிரீன் கார்டுகள், அவற்றில் பொதுவாக ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்கள் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். அதற்குள் வேலை மாறினால், வரிசையில் நம் இடத்தைத் தீர்மானிக்கும் பழைய முன்னுரிமைத் தேதியைப் புதிய விண்ணப்பத்துக்குக் கொண்டுசெல்லவும், ஆறாண்டு வரம்பைத் தாண்டி எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவுக்கு நீட்டிப்புப் பெறவும் கைகொடுப்பது இந்த ஒப்புதல்தான். அதை ஊழியருக்கு எடுத்துச் சொல்லக்கூட அவர்கள் முன்வரவில்லை. கட்டணம் கொடுப்பவர் நிறுவனம் என்பதால் இந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் தங்கள் ஒப்பந்தக் கடிதத்தில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் என்றல்லவா எழுதியிருந்தார்கள்?

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். இத்தகைய நிறுவனங்களிடம் போகிறவர்கள், ஐ-140 நகல் கிடைக்குமா என்பதைப் பெர்ம் தொடங்கும் முன்பே மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளலாம். வேலை மாறுவது பற்றிய ஐயங்களுக்குத் தனியாக ஒரு வழக்கறிஞரைக் கட்டணம் செலுத்திப் பார்ப்பதே நல்லது.