அப்பள உலர்த்தியோடு நாலு வருஷம்: எந்த ஸ்டார்ட்அப் மேடை கைகொடுத்தது?

நான் செய்வது அப்பளம் காயவைக்கும் பெட்டி. வெயிலில் சூடாகும் காற்று அடியிலிருந்து ஏறி, அடுக்கடுக்கான தட்டுகள் வழியே போய் ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே வெளியேறும். அப்பளத்தின் மேல் நேர் வெயில் படாது. நேர் வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டுவிடும். நிழலில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது, பூஞ்சை பூத்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடுகளில் இந்தப் பாட்டைப் பார்த்துத்தான் 2021-ல் வேலையை ஆரம்பித்தேன். அன்றிலிருந்து சென்னை, கோவை, டெல்லி என்று அலைந்தாயிற்று. "எந்த நிகழ்ச்சிக்குப் போனா பிரயோசனம் அண்ணே?" என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வருஷமே சூடு பட்டேன். பெருநகரம் ஒன்றில் தனியார் நடத்திய விழா. ஸ்டாலுக்கும் மேடைக்கும் சேர்த்து 35,000 ரூபாய் கேட்டார்கள், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினேன். குளிரூட்டிய அரங்கில் வெயிலுக்கு எங்கே போவது? பெட்டி சும்மா நின்றது. மேடையில் மூன்று நிமிஷம் கிடைத்தது. சாயங்காலம் என்னையும் சேர்த்து நாற்பது பேருக்கு ஒரே மாதிரி கேடயம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வந்த ஒரே போன், அடுத்த விழாவுக்குப் பணம் கட்டச் சொல்லி வந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: பணம் கட்டுமுன் போன வருஷம் அங்கே ஸ்டால் போட்ட மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசிவிடுவேன். ஆர்டர் வந்ததா, எத்தனை நாளில் வந்தது என்ற இரண்டே கேள்விதான். மூன்று பேரில் ஒருவர்கூட "வந்தது" என்று சொல்லாவிட்டால் போவதில்லை.

டெல்லிக்கு 2025 ஏப்ரலில் போனேன். பாரத் மண்டபத்தில் 3 முதல் 5-ம் தேதி வரை நடந்த ஸ்டார்ட்அப் மகாகும்ப் என்ற பெரிய கண்காட்சி, அதன் இரண்டாவது வருஷம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் பயணம், கையில் சின்ன மாதிரிப் பெட்டி. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். அங்கேதான் மத்திய வணிக அமைச்சர் பியூஷ் கோயல், நம் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதோடு நின்றுவிடலாமா என்ற அர்த்தத்தில் பேசி, நாடெங்கும் வாதம் கிளம்பியது. அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சைக்கிளில் சோறு கொண்டுபோகிறவனின் உழைப்பும் உழைப்புதான். மூன்று நாளில் 140 விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஊருக்கு வந்து எல்லோருக்கும் எழுதினேன், பதில் போட்டவர்கள் ஒன்பது பேர், ஆர்டர் ஒன்றும் இல்லை. அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். முதலீட்டாளர், அரசுத் துறைகள், வெளிமாநில விநியோகஸ்தர் என்று தேடுகிறவர்களுக்கான சந்தை அது. என் சரக்கு வேறு.

சென்னையில் இரண்டு விதமான கூட்டங்களைப் பார்த்தேன். டை என்பது 1992-ல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள் தொடங்கிய அமைப்பு. தொழிலில் நின்று ஜெயித்தவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதன் மாநாடான டைகான் சென்னைக்குப் பார்வையாளனாகத்தான் போனேன். டீ குடிக்கும் இடத்தில் ஒரு பெரியவர் என் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பெட்டிக்குப் பணம் கொடுக்கிறது யாரு? அப்பளம் இடுறவங்களா, அதை வாங்கி விக்கிற வியாபாரியா?" அதுவரை வீடு வீடாகப் போய் விற்றுக்கொண்டிருந்தேன். இப்போது மொத்த வியாபாரிதான் பெட்டியை வாங்கி, அப்பளம் இடும் வீடுகளில் வைக்கிறார். மழைக்காலத்தில் சரக்கு நிற்காமல் வருவதால் அவருக்கும் லாபம். அந்தப் பெரியவரின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது இன்றுவரை உறுத்துகிறது.

ஹெட்ஸ்டார்ட் அமைப்பு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடத்தும் ஸ்டார்ட்அப் சாட்டர்டே இன்னும் எளிமையானது. அரைகுறையாக இருக்கும் பொருளைக்கூடக் கூச்சமில்லாமல் காட்டலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் அன்றிரவே திரும்பிவிடலாம் என்பது நமக்கு வசதி. மென்பொருள் செய்கிறவர்கள் என்றால் அந்தத் தொழில்காரர்கள் கூடும் சாஸ்பூமி அமைப்பைக் கேளுங்கள். தென்காசிப் பக்கம் வேலை பார்க்கும் என் சித்தி மகன் அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான்.

கோவைதான் கண்ணைத் திறந்தது. 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் கொடிசியா வளாகத்தில் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்திய உலகப் புத்தொழில் மாநாடு. இந்தத் தடவை பெட்டியோடு இரண்டு டப்பா அப்பளமும் கொண்டுபோனேன், ஒன்று வெயிலில் காய்ந்தது, மற்றது பெட்டியில் காய்ந்தது. வந்தவர்கள் விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்தது பட்டென்று ஒடிந்தது, பெட்டியில் காய்ந்தது கொஞ்சம் வளைந்து கொடுத்தது. அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அப்பளத்தைத் தொடவே இல்லை. தட்டை உருவி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். "இதைத் தினமும் எத்தனை தடவைங்க வெளியே இழுப்பாங்க?" என்றார். இருபது முப்பது தடவை என்றேன். "அப்போ கையைக் கிழிச்சிருமுங்க. ஓரத்தை உள்பக்கமா மடக்கி அடிச்சிருங்க, செலவு ஒண்ணும் பெருசா ஆகாது." அங்கேயே தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு நாளில் 31 பேரின் விவரம்தான் சேர்ந்தது. அதில் ஆறு ஆர்டர் வந்தது. பெட்டிக்கான மின்விசிறி மோட்டார் மலிவாகக் கிடைக்கும் இடமும் அங்கேதான் தெரிந்தது. பொருள் செய்கிறவர்கள் காசு சேர்த்து ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கோவைக்குப் போங்கள். அங்கே பார்வையாளர்களிலேயே பாதிப் பேர் இரும்பைத் தொட்டு வளர்ந்தவர்கள்.

ஆனாலும் இந்த நாலு வருஷம் என்னை நிறுத்தி வைத்தது பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற பதினைந்து இருபது பேர்தான். பேர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒரு நண்பரின் மாடியில் உட்காருவோம். கருப்பட்டியைப் பொட்டலம் போட்டு விற்கிறவர், வாழைநாரில் பை செய்கிறவர், பள்ளிக்கூடங்களுக்குச் செயலி எழுதும் இரண்டு பொறியியல் பிள்ளைகள் என்று கலந்துகட்டிய கூட்டம். ஒருமுறை கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு ஆச்சியைக் கூட்டிப்போனேன். நாற்பது வருஷமாக அப்பளம் இடுகிறவர். பெட்டியைச் சுற்றி வந்தார், ஒரு தட்டைத் தலைகீழாகத் திருப்பினார்.

"ஏ தம்பி, இது அலுமினியந்தானே? அப்பளக்காரம் பட்டா கறுத்துப் போகும்லா. அடிப்பக்கம் பாரு."

பார்த்தேன். அப்பளம் இருந்த இடமெல்லாம் மெல்லிய சாம்பல் வளையம். அப்பளக்காரம் காரத்தன்மை உள்ள உப்பு, ஈர மாவோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். அதுவரை எத்தனை நடுவர்கள் முன்னால் நின்றிருப்பேன்! சந்தை எவ்வளவு பெரிது, ஐந்து வருஷத்தில் எத்தனை கோடி என்றார்கள். தட்டு எதில் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எவர்சில்வருக்கு மாற்றியதில் பெட்டிக்கு 2,800 ரூபாய் கூடியது. அடியில் கறை விழுகிறதென்று அதற்கப்புறம் ஒரு போன்கூட வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் என் கிட்டங்கிக்குள் தாமிரபரணி புகுந்தது. ஏழு பெட்டி, மோட்டார் எல்லாம் தண்ணீரில். கரண்டு வந்ததும் முதலில் வந்து நின்றவர் கருப்பட்டி அண்ணாச்சி. அவர் சரக்கே பாதி கரைந்து போயிருந்தது. பொறியியல் பிள்ளைகள் மோட்டாரைக் கழற்றி ஒவ்வொன்றாகக் காயவைத்தார்கள். அதில் நாலு பிழைத்தது.

அரசு பக்கத்தில் ஸ்டார்ட்அப் டிஎன்னின் திருநெல்வேலி வட்டார மையத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டான்சீட் என்ற ஆரம்பகட்ட மானியம் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பெண்கள் நடத்துகிறவை, பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் சார்ந்தவைக்கு 15 லட்சம் வரை. அதற்குப் பதிலாக நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும், அதை முதலிலேயே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் இருந்தால் காப்புரிமை விண்ணப்பக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. எந்தக் கண்காட்சியிலும் பொருளை ஊரறியக் காட்டுவதற்கு முன்னால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இந்த வரிசை தெரியாமல் போய் மாட்டிக்கொண்ட இருவரை எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு கூட்டத்துக்குப் பத்தமடையிலிருந்து ஒரு தங்கச்சி பாய்க்குக் கோரை கிழிக்கும் கருவியோடு வருகிறாள். டெல்லிக்குப் போகலாமா என்று கேட்டாள். முதலில் மாடிக்கு வா என்றேன். அவள் அம்மாவுடன் நெய்கிற இரண்டு பேரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.