மெழுகு ஓவிய டைல்ஸ் பயிற்சி: பணம் கட்டுமுன் படியுங்கள்

மன்னார்குடியில் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு உருக்கிய மெழுகில் வண்ணம் கலந்து நானே கையால் தீட்டிய பன்னிரண்டு அலங்கார டைல்ஸ் கொடுத்தேன். தாமரை, மயில், காவிரிப் படித்துறை. பூஜையறைக்கு வெளியே மேற்குச் சுவரில் பதித்தார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்காவது நாள் தங்கை போன் செய்தாள்: "அக்கா, மயில் வழிந்து தரைக்கு வந்துவிட்டது."

கும்பகோணத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு 4,500 ரூபாய் கட்டி இதைக் கற்றேன். மெழுகும் வண்ணமும் அடங்கிய பெட்டிக்குத் தனியாக 2,800. எகிப்தின் ஃபயூம் உருவப்படங்களைத் திரையில் காட்டி, "அதே முறை, அதே சுத்தமான தேன்மெழுகு, நூறு ஆண்டு நிற்கும்" என்றார்கள். அந்தப் படங்கள் பொய்யில்லை. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் மரப்பலகையில் மெழுகு வண்ணத்தால் தீட்டியவை, பலவற்றின் நிறம் இன்னும் மங்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

எங்களுக்குக் கொடுத்தது தேன்மெழுகே அல்ல. வழிந்த டைல்ஸ் ஒன்றையும் மிச்சமிருந்த மெழுகுக் கட்டியையும் எடுத்துக்கொண்டு சுவாமிமலைக்குப் போனேன். அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் பெரியவர் ஒருவர் கட்டியை முகர்ந்தார், விரலால் கிள்ளினார். உதிர்ந்தது. "தேன் வாசனையே இல்லையே அம்மா. தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி உருண்டு வரும். இது மெழுகுவத்திச் சரக்கு" என்றார். தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து அவர்கள் மெழுகுச் சிலை பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டுகிறார்கள், அதாவது வார்ப்புக்கான அச்சு செய்கிறார்கள். மெழுகு ஓவியத்துக்கும் ஏறத்தாழ எட்டுப் பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் பிசின் சேர்க்க வேண்டும். குங்கிலிய இனத்துப் பிசின்தான் அது. அதுதான் பூச்சுக்கு உறுதி தரும். என் பெட்டியில் பிசின் என்ற பேச்சே இல்லை. மெழுகை இத்தனை தலைமுறையாக அறிந்த ஊர் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்க, யாரையும் கேட்காமல் பணம் கட்டியது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

அடித்தளமும் தவறு. குளியலறைக்குப் பதிக்கும் பளபளப்பு டைல்ஸைக் கொடுத்தார்கள். மெழுகு பிடித்து நிற்க, அதை உறிஞ்சும் பரப்பு வேண்டும்: மரப்பலகை, மெருகு ஏற்றாத சுட்ட மண் ஓடு போன்றவை. பளபளப்புப் பூச்சில் மெழுகு ஒட்டுவதில்லை, உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். என் தாமரையை நகத்தால் நெம்பினேன், முழு இதழாகக் கழன்று வந்தது. ஒவ்வொரு மெழுகு அடுக்கையும் ஹீட் கன்னால், அதாவது சூடான காற்றை வீசும் கருவியால், மீண்டும் சூடாக்கி, கீழ் அடுக்கோடு உருகிச் சேர வைக்க வேண்டும். அதையும் சொல்லித்தரவில்லை.

என்னை மிகவும் கோபப்படுத்துவது இன்னொன்று. ஜன்னல்களை மூடி, ஏ.சி. போட்ட அறையில், மெழுகை நேரடியாக அடுப்பில் புகைய விட்டார்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். 90 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது. அங்கே ஒரு வெப்பமானிகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் மாலையே எனக்குத் தலைவலி.

நல்ல தேன்மெழுகாக இருந்தாலும் வெயில் நேரே விழும் மேற்குச் சுவரில் வைக்கக் கூடாது. இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். "எந்தச் சுவரிலும் பதிக்கலாம்" என்று அவர்கள் சொன்னதை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் ஊர் வெயில் அப்படி என்றார்கள். மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை.

பெட்டி வாங்கச் சொன்னால் முதலில் மெழுகைக் கையில் வாங்கிப் பிசைந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பிசின் எங்கே என்று கேளுங்கள். டைல்ஸைத் திருப்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எந்தப் பக்கம் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். அதே ஆட்கள் ஆடி மாதம் மயிலாடுதுறையில் பயிற்சி வைக்கிறார்கள். கட்டணம் இப்போது 5,500 ரூபாய்.