ஐடபிள்யூசி இன்ஜெனியர் 40: அஞ்சு ஸ்க்ரூவும் ஒழுங்கா நிக்குது, எனக்கு அதான் வருத்தம்

மொதல்லயே சொல்லிடறேன், ஐடபிள்யூசிங்கிற சுவிஸ் கம்பெனியோட இந்த வாட்ச் என்னுது இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தர் வாங்கினது, வெளியூர் போறப்ப "சும்மா பெட்டில கெடக்கறதுக்கு நீ கட்டிக்கோ"ன்னு குடுத்துட்டுப் போனாரு, ரெண்டு வாரம் என் கைல இருந்துச்சு. ஸ்டீல், கருப்பு டயல். திருப்பிக் குடுக்க மனசே வரல, ஆனா காசு குடுத்து வாங்குவியான்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பேன். ஏன்னு சொல்றேன்.

இன்ஜெனியர்ங்கிற பேரு 1955லேருந்து இருக்கு, லேப்ல, பவர் ஸ்டேஷன்ல, காந்தம் பக்கத்துல வேலை பாக்கறவங்களுக்காகப் போட்ட வாட்ச். ஜெரால்ட் ஜென்டாங்கிற பேர்போன வாட்ச் டிசைனர்கிட்ட குடுத்து அதுக்குப் புது உருவம் போட்டு 1976ல விட்டாங்க, அதான் இன்ஜெனியர் எஸ்எல். 1972ல ஓடமார் பிகேயோட ராயல் ஓக், 1976ல படேக் ஃபிலிப்போட நாட்டிலஸ், ரெண்டு வாட்ச்சுமே அவரு கை வரைஞ்சதுதான், அந்த வரிசைல இது கடைக்குட்டி மாதிரி. அண்ணன்மார் ரெண்டு பேரும் பேரெடுத்துட்டாங்க, இது பாவம் அப்ப விக்கவே இல்ல, 40 எம்எம்ங்கிறது அந்தக் காலத்துக்கு தாம்பாளம் சைஸு, கனமும் ஜாஸ்தி வெலையும் ஜாஸ்தி, போதாக்குறைக்கு பேட்டரில ஓடற குவார்ட்ஸ் வாட்ச் வந்து மொத்த சுவிஸ் வாட்ச் தொழிலையும் ஆட்டி வச்ச நேரம் வேற. அப்புறம் 2005ல ஒருதடவை 42.5 எம்எம்ல திரும்ப எடுத்தாங்க, 2017ல சம்பந்தமே இல்லாம சாதா வட்ட வாட்ச்சா மாத்துனாங்க, கடைசியா 2023லதான் ஜென்டா வரைஞ்சதையே முன்னாடி வச்சு இந்த 40ஐப் போட்டாங்க.

இப்ப ஸ்க்ரூ கதைக்கு வரேன். பழைய எஸ்எல்ல கண்ணாடியைச் சுத்தி இருக்கற வளையத்தை மூடி மாதிரி திருகித்தான் மாட்டுவாங்க, அதுல தெரியற அஞ்சு குழியும் திருகறதுக்கான பிடிதான். எங்க இறுக்கம் வருதோ அங்க நிக்கும், அதனால ஒரு வாட்ச்ல குழி நிக்கற எடம் இன்னொண்ணுல இருக்காது. புதுசுல நெஜமாவே அஞ்சு ஸ்க்ரூ போட்டுட்டாங்க, ஒவ்வொண்ணுக்கும் எடம் ஃபிக்ஸ். லென்ஸ் வச்சுப் பாத்தேன், ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். ஆனா பழசுல அந்தக் கோணல்தான் அழகு, தெத்துப்பல்லைக் கட்டி நேராக்குன மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

டயல் மட்டும் அடி தூள். சின்னச் சின்னக் கோடா, கொஞ்சம் படுக்க கொஞ்சம் நிக்க மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்க, தூரத்துலேருந்து பாத்தா வெறும் கருப்பு, ஜன்னல் பக்கம் போய் கையத் திருப்புனா கோரைப்பாய் பின்னுன மாதிரி ஒரு பக்கம் மட்டும் மினுக்கும், இன்னும் கொஞ்சம் திருப்புனா அது அணைஞ்சு பக்கத்துல உள்ளது மினுக்கும். மீட்டிங்ல மணி பாக்கறேன்னு எத்தனை தடவை இதப் பாத்தேன்னு எனக்கே தெரியல, எதிர்ல இருந்தவரு நான் கெளம்ப அவசரப்படறேன்னு நெனச்சிருப்பாரு.

செயின் மாட்டற எடத்தையும் மாத்திருக்காங்க, இது நல்ல மாத்தம். பழசுல கேஸ் நீட்டிக்கிட்டு இருக்கும், இதுல நடு கண்ணியே வளைஞ்சு கைக்கு எறங்குது. என் கை ஒல்லிதான், இருந்தும் ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு நிக்கல. தடிமன் 10.7 எம்எம், முழுக்கை சட்டைக்குள்ள சிக்காமப் போகுது. செயின்ல கொறைன்னா ஒண்ணே ஒண்ணுதான், கொக்கில ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது கண்ணி கழட்டாம லேசா இறுக்கித் தளத்துற வசதி, கெடையாது. காலைல கச்சிதமா இருக்கறது சாயங்காலம் கை லேசா வீங்குனா பிடிக்குது, கண்ணி கழட்டுனா லொடலொட. இந்த வெலைக்கு இதைக்கூட வைக்கலியான்னுதான் தோணுச்சு.

வெலைன்னதும் சொல்லணும், வந்தப்ப ஸ்டீலுக்கு 11,700 அமெரிக்க டாலர். அப்பவே நெறைய பேரு திட்டுனாங்க, நானும் அந்தக் கட்சிதான். உள்ள ஓடற 32111 மெஷின் நம்பகமான வேலைக்காரன், 120 மணிநேரம் தாங்குது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வச்சு திங்கக்கிழமை காலைல எடுத்தா சாவி குடுக்காமலே ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா ஐடபிள்யூசியை வச்சிருக்கற ரிஷ்மோன் குரூப்போட மத்த பிராண்டுங்கள்லயும் இதே அடிப்படை மெஷின் ஓடுது. அந்தக் காசுக்கு தனியா ஏதாவது எதிர்பாக்கறது தப்பா?

பின்மூடி முழுசா அடைச்சிருக்கு, மெஷின் தெரியாது. காரணம், உள்ள மெல்லிரும்புக் கூடு ஒண்ணு இருக்கு, காந்தம் வந்தா அந்த இரும்பு வழியாவே சுத்திப் போயிடும், நடுவுல இருக்கற ஹேர்ஸ்பிரிங்கை, அதாவது வாட்ச்சோட வேகத்தைக் கட்டுப்படுத்தற மெல்லிசான சுருளை, தொடாது. காந்தம் ஏறுனா அந்த ஸ்பிரிங்கோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வாட்ச் கன்னாபின்னான்னு ஃபாஸ்ட்டா ஓடும், போன், ஸ்பீக்கர், பை மூடற பட்டன்னு இப்ப எங்க பாத்தாலும் காந்தம்தான், அதனால மெஷின் தெரியலியேன்னு எனக்கு ஏக்கம் இல்ல. நான் ரெண்டு வாரமும் லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்துலயேதான் கழட்டி வச்சேன், டைம் நழுவவே இல்ல.

சின்னக் கை உள்ளவங்க 2025ல வந்த 35 எம்எம் இன்ஜெனியரைப் பாக்கலாம்னு நெனப்பீங்க. போட்டுப் பாத்தா உக்காரறது சூப்பரா இருக்கும், அதுல பின்னாடி கண்ணாடி வேற. ஆனா அந்தக் கண்ணாடிக்காக இரும்புக் கூட்டைத் தூக்கிட்டாங்க, பவரும் 42 மணிநேரம்தான். பேரு மட்டும் இன்ஜெனியர்.