இருபதா, இருபத்திரண்டா, இருபத்து நாலா? குமரி மண்ணுக்கு ஏற்ற ரைபிள் குழல் நீளம்

வேட்டை ரைபிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "குழல் எத்தனை அங்குலம்?" என்பதுதான். நீளம் கூடினால் குறி தப்பாது என்ற எண்ணம், துப்பாக்கியைத் தோக்கு என்று சொல்லும் விளவங்கோடு மலையோரத்திலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு. அந்த எண்ணத்தில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாத காலத்திலிருந்து கைமாறி வந்த பேச்சு.

வேட்டை ரைபிள் என்பது இங்கே ஆயுதத்தின் வகைப் பெயர் மட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்குக்காக விலங்கைச் சுட யாருக்கும் உரிமை கிடையாது. மரச்சீனியைக் கிளறித் தின்னும் காட்டுப்பன்றியும் அட்டவணை விலங்குதான். தமிழக அரசின் 2025 நடைமுறைப்படி அதைச் சுடும் பொறுப்பு வனத்துறையினுடையது, அதுவும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். ஆகவே இந்த அலசல் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுடுகிறவர்களுக்கும், அப்பா காலத்து .315 ரைபிளைத் தன் பெயருக்கு லைசென்ஸ் மாற்றப் போகிறவர்களுக்கும், வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் பிழைக்கும் நம்மூர்க்காரர்களுக்கும்.

வேகக் கணக்கு

தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அதைத் தள்ளும். குழல் நீண்டால் தள்ளும் நேரம் கூடும், வேகமும் கூடும். ஆனால் குண்டு முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். முதல் பத்து அங்குலம் கொடுக்கிற வேகத்தோடு ஒப்பிட்டால் கடைசி நாலு அங்குலம் கொடுப்பது சில்லறைதான்.

.30-06 தோட்டாவில் 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

24 அங்குலம்: வினாடிக்கு 820 மீட்டர், 3920 ஜூல்
22 அங்குலம்: வினாடிக்கு 805 மீட்டர், 3780 ஜூல்
20 அங்குலம்: வினாடிக்கு 790 மீட்டர், 3640 ஜூல்

அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர் வேகம். ஒரே கம்பெனியின், ஒரே நீளமுள்ள இரண்டு ரைபிள்களுக்கு இடையிலேயே பத்து மீட்டர் வித்தியாசம் வருவது சகஜம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். 100 மீட்டரில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு 200 மீட்டரில் சுட்டால், 20 அங்குலக் குழலின் குண்டு 24-இன் குண்டைவிடக் கீழே விழும் அளவு 2 சென்டிமீட்டருக்குள். கை நடுக்கம் அதைப்போலப் பல மடங்கு.

சரி, 200 மீட்டர் நம்மூரில் எங்கே இருக்கிறது? ரப்பர் விளைக்குள் ஐம்பது, அறுபது மீட்டருக்கு அப்பால் மரமும் புதரும் கண்ணை மறைக்கும். நேந்திரன் வாழைத் தோட்டத்தில் அதுவும் இல்லை. ஏலாவில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி, ஆனால் வரப்பு முடியும் இடத்தில் வீடு. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். .30-06 குண்டு மேல்நோக்கிப் போனால் 3 கிலோமீட்டரைத் தாண்டும், சின்ன .22 கூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். குழலை நாலு அங்குலம் குறைத்து வாங்கினால் இந்த ஆபத்து குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கும் குழல் நீளத்துக்கும் சம்பந்தமில்லை.

குறி சுத்தம்: நீளமா, தடிமனா?

இங்கேதான் பழைய நம்பிக்கை தலைகீழாகிறது. குண்டு பாயும்போது குழல் கம்பிபோல அதிர்கிறது. ஒரே தடிமனில் நீளம் கூடினால் வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 20-ஐ 24 ஆக்கினால் வளையும் தன்மை சுமார் 1.7 மடங்கு. குட்டையான தடித்த குழல், நீண்ட மெலிந்த குழலைவிடக் குண்டுகளை அருகருகே பதிப்பதற்குக் காரணம் இதுதான். ரைபிளின் குறி சுத்தத்தைக் கணிக்க நினைப்பவர் அங்குல நாடாவை எடுப்பதற்குப் பதிலாகக் குழலின் வாய்ப்பக்கத் தடிமனையும், ரைபிளின் மரக்கட்டையில் குழல் எங்கேயாவது உரசுகிறதா என்பதையும் பார்க்கலாம். ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து வாயிலிருந்து உள்நோக்கி இழுத்தால் தடையில்லாமல் போக வேண்டும். குழல் கட்டையைத் தொடாமல் மிதக்கும்படி கட்டப்பட்ட ரைபிள்களுக்குத்தான் இந்தச் சோதனை. கட்டை முன்னால்வரை குழலை அணைத்தபடி செய்த பழைய மாடல்களில் நோட்டு நிற்பது குறையல்ல.

நீளம் உதவும் இடம் ஒன்று உண்டு: இரும்புக் குறி, அதாவது ஸ்கோப்புக்குப் பதிலாக ரைபிள் மேலேயே இருக்கும் பின்குறியும் முன்குறியும். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையிலான தூரம் 45 சென்டிமீட்டர் என்றால், கண் அரை மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் 11 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அந்தத் தூரம் 55 சென்டிமீட்டரானால் 9 சென்டிமீட்டர்தான். ஸ்கோப் இல்லாமல் சுடுகிறவர் 24-ஐக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்கோப் மாட்டியவருக்கு அந்த நியாயம் கிடையாது.

கையில், தோளில், ஜீப்பில்

கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிளின் மொத்த நீளம் 20 அங்குலக் குழலோடு 102 சென்டிமீட்டர் வாக்கில் வரும், 22-உடன் 107, 24-உடன் 112. பத்து சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். தோளில் வாரோடு மாட்டி ரப்பர் விளைக்குள் நடந்து பார்த்தால் தெரியும்: தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாய், மழைக்காப்புப் பிளாஸ்டிக்கிலும் தாழ்ந்த கொப்பிலும் மாட்டும். சிரட்டை கட்டிய கம்பியிலும் கொளுவும். மாட்டுவதைவிட மோசமானது, ஈர இலையோ சேறோ வாய்க்குள் அடைவது. அடைப்போடு சுட்டால் குழல் வீங்கும். சில சமயம் பிளக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் எந்த நீளமானாலும் வாயின் மேல் ஒரே ஒரு சுற்று எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டுவது நல்ல பழக்கம். குண்டுக்கு முன்னால் வரும் காற்றே டேப்பைத் தள்ளிவிடும், குறி மாறாது. துணியையோ தக்கையையோ உள்ளே திணிப்பது அந்தக் கணக்கில் சேராது.

எடை விஷயத்தில் விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெலிந்த குழலின் நுனியில் ஓர் அங்குலம் சுமார் 30 கிராம், கனத்த குழலில் 55 முதல் 65 கிராம். நாலு அங்குலத்துக்கு 120 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. ஆனால் அந்த 120 கிராம் கையிலிருந்து எட்டத் தொங்குகிறது. ரைபிளைக் காலி செய்து, குழலின் பின்பகுதிப் பொறியைக் கட்டையோடு பிணைக்கும் முன்பக்க ஆக்‌ஷன் திருகுக்கு அடியில் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் ஓரளவு சமமாக நிற்க வேண்டும். வாய் கீழே சாய்ந்தால் முன்கனம். பிறகு நின்றபடி ஒரு நிமிடம் குறி பார்த்தால், இருபதாவது வினாடியில் வாய் இறங்கத் தொடங்கும் ரைபிள் அந்த ஆளுக்கு ஆகாது. உட்கார்ந்தோ மூட்டையில் சாத்தியோ சுடுகிறவருக்கு முன்கனம் நல்லதுதான், குறியில் அசையாமல் நிற்கும்.

குட்டைக் குழலுக்கும் குறை உண்டு. வாயு இன்னும் அழுத்தத்தோடு இருக்கும்போதே வெளியே பாய்வதால் 20-இல் சத்தமும் தீப்பொறியும் கூடுதல், வாய் மேலே குதிப்பதும் கூடுதல். ரைபிள் சத்தம் எந்த நீளத்திலும் காதைக் கெடுக்கும் அளவுதான். 24 என்பதால் காதுக்காப்பு வேண்டாம் என்று இருப்பவர்கள் ஐம்பது வயதில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

தோட்டாவைப் பார்த்து நீளம்

மேலே சொன்னதெல்லாம் .30-06-ஐ நடுவில் வைத்து. தோட்டா மாறினால் தீர்ப்பும் மாறும்.

.315 நம்மூர் லைசென்ஸ்காரர்களுக்குப் பழகியது. ராணுவத் தோட்டாவை ஏற்கும் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை என்பதால் நிலைத்த அளவு இது. ஆஸ்திரியாவின் பழைய 8×50 மன்லிகர் தோட்டாதான் அடிப்படை. கனத்த, நிதானமான குண்டு. நீளத்தைக் கூட்டி வேகம் தேடுகிற தோட்டா இதுவல்ல, 22-ஐத் தாண்டுவதில் பெரிய லாபம் இல்லை. 7 மில்லிமீட்டர் மேக்னம், .300 மேக்னம் போன்றவை வேறு சாதி. மெதுவாக எரியும் மருந்து நிறைய, துளை சிறியது. 24-க்குக் கீழே போனால் காசு கொடுத்து வாங்கிய மருந்து வாய்க்கு வெளியே வெளிச்சமாகப் போகும். 26 கூட வீணில்லை. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டாவான .22 ரிம்ஃபயரில் மருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் வேலையை முடித்துவிடும், அதற்கு மேல் உராய்வுதான். போட்டி .22-களில் நீண்ட குழல் வைப்பது குறிகளுக்கு இடையே தூரம் கிடைக்க மட்டுமே.

ஏர் ரைபிள் கேட்பவர்களுக்கு: 20 ஜூலுக்கு மேற்படாத .177 அளவு ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஸ்பிரிங் வகையில் பத்து அங்குலத்துக்குள் பெல்லட் முழு வேகம் எட்டிவிடும். நீண்ட குழல் மடக்கி ஏற்றும்போது கைப்பிடியாகத்தான் உதவும். சிலிண்டர் காற்றில் இயங்கும் பிசிபி வகையில் மட்டும் நீளம் உண்மையாகவே வேகம் தரும்.

நீளமாக வாங்கிவிட்டு வெட்டலாமா?

கூடாது. ஆயுதச் சட்டம் 1959-இன் 6-ஆம் பிரிவுப்படி, அதற்கான லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பதே குற்றம். பட்டறையில் ஹாக்சா பிளேடு போட்டு அறுத்தவர் வீணாக்குவது குறியையும்தான்: வாய் விளிம்பு குழலின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் வாயு ஒரு பக்கம் முந்திப் பாய்ந்து குண்டின் பின்புறத்தைத் தட்டிவிடும். முன்குறியும் போய்விடும். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 16 அங்குலத்துக்குக் கீழான ரைபிள் குழலுக்கு அங்கே தனி மத்தியச் சட்டம்.

உப்புக்காற்றும் தேங்காய் எண்ணெயும்

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் குழல் நீளத்தைவிட உப்புதான் பெரிய தலைவலி. துரு முதலில் பிடிக்கும் இடம் வாய் விளிம்பும் அதையொட்டிய உட்பகுதியும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நாள்பட்டால் கெட்டுப்போகும், 24 டிகிரிக்குக் கீழே உறையும். மலையோரக் காலைக் குளிரில் போல்ட் இழுக்கக் கனக்கும். கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். சுடுவதற்கு முன்னால் உலர்ந்த துணியால் உள்ளே துடைத்துவிட வேண்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டி வந்தால், வாரக்கணக்கில் அங்கே இருக்கும் என்று எண்ணி உள்ளும் புறமும் எண்ணெயிட்டு, வாய்க்கு ஓர் உறை போட்டுக் கொடுப்பது நல்லது. சுவரில் சாத்தினால் அடிபடுவது வாய்தான்.

துடைக்கும் கம்பி குழலைவிட நீளமாக இருந்தால் மட்டும் போதாது. 24 அங்குலக் குழலோடு ஆக்‌ஷனும் சேர்ந்தால் 80 சென்டிமீட்டர் தாண்டும், ஆகவே 36 அங்குலக் கம்பி. பின்பக்கமிருந்து நுழைக்க வேண்டும். வாய்ப்பக்கமிருந்து குத்திக் குத்தியே விளிம்பு தேய்ந்து குறி கெட்ட ரைபிள்கள் ஏராளம்.

எதை எடுப்பது?

ஸ்கோப்போடு .315 அல்லது .30-06 என்றால் 22, கண்ணை மூடிக்கொண்டு. உயரம் குறைந்தவர், புதரிலும் ஜீப்பிலும் அதிகம் திரிபவர் 20 எடுக்கலாம், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரும்புக் குறியோ மேக்னமோ என்றால் 24. இரண்டு ரைபிள்களில் ஒன்று நீளம், இன்னொன்று தடிமன் என்று வந்து நின்றால் தடிமனை எடுங்கள்.

பழைய ரைபிள் வாங்குகிறவர் விற்பவர் சொல்லும் அங்குலத்தை நம்ப வேண்டியதில்லை. தோட்டா இல்லை என்று அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு போல்ட்டை மூடி, வாய் வழியே ஒரு மரக்குச்சியை மெதுவாக இறக்கி, போல்ட் முகத்தில் முட்டியதும் வாய் மட்டத்தில் பென்சில் கோடு போட்டு எடுத்து அளக்க வேண்டும். தோட்டா அறையும் சேர்ந்ததுதான் குழல் நீளம். அந்த அளவு லைசென்ஸ் தாளில் உள்ள விவரத்தோடும் அந்த மாடலின் கம்பெனி அளவோடும் ஒத்துப்போகாமல் குறைந்தால், யாரோ அறுத்திருக்கிறார்கள், வாங்க வேண்டாம். ஒத்துப்போனால் காது குடையும் பஞ்சுக்குச்சியை வாய் விளிம்பில் உள்ளிருந்து வெளியே சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு நூல் சிக்கும் இடத்தில் விளிம்பு சிதைந்திருக்கிறது. விலையை அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.