‘பிரைவேட் கிளவுட்’ என்று நம்பி ரூ.1,86,000 கொடுத்து ஏமாந்தேன்

போடியில் ஏலக்காய் வியாபாரம், மேலே கேரள மலையில் பூப்பாறையில் ஒரு குடோன். இரண்டு மாநிலம், இரண்டு ஜிஎஸ்டி நம்பர். மழை பிடித்தால் மேலே நெட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு இடத்துக் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் கிளவுட் பக்கம், அதாவது நெட் வழியாக வெளியே இருக்கும் சர்வரில் கணக்கை வைக்கும் பக்கம், போனேன்.

சின்னக் கடைகளுக்கு சர்வர் போட்டுத் தரும் நிறுவனம், பேர் வேண்டாம். வந்த பையன் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்து, "எட்டு எம்எம்மா அண்ணே?" என்று வியாபாரி மாதிரியே காயின் சைஸைக் கேட்டான். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

நான் கேட்டது ஹைபிரிட்தான். குடோனில் ஒரு பெட்டி, நெட் இல்லாவிட்டாலும் அதில் பில் ஓடும், லைன் வந்ததும் வெளியே இருக்கும் சர்வரோடு சேர்ந்துகொள்ளும். அவனோ, "அதுக்கு ரெண்டு பக்கமும் பார்க்க ஆள் வேணும்ணே, உங்களுக்கு பிரைவேட் போதும், உங்களுக்குன்னே தனி மெஷின், தினம் பேக்கப்" என்று போனில் பச்சை டிக்கைக் காட்டினான். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றதும் ரூ.1,86,000 அன்றைக்கே அனுப்பினேன்.

ஐந்தாவது மாதம், 9-ஆம் தேதி காலை, திரை திறக்கவில்லை. விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட 11 கடைசி. முதல் நாள் "மெயின்டனன்ஸ் அண்ணே, ஒரு மணி நேரம்". மறுநாள் "டேட்டா சென்டரில் பிரச்சினை". மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்து "டிக்கெட் போடுங்க சார்" என்றார். அண்ணன் சார் ஆகிவிட்டேன். புகார் டிக்கெட்டும் போட்டேன், பதிலே இல்லை.

அங்கே வேலையை விட்ட ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். தனி மெஷினாவது ஒன்றாவது! பெரிய கிளவுட் கம்பெனியில் மாத வாடகைக்கு எடுத்த ஒரே விர்ச்சுவல் மெஷின் (பெரிய சர்வருக்குள் மென்பொருளால் பிரித்துத் தரும் ஒரு பங்கு), அதில் எங்களைப் போல இன்னும் பல கடைகள், ஆளுக்கொரு ஃபோல்டர். இவர்கள் வாடகை கட்டவில்லை, கிளவுட் கம்பெனி பூட்டிவிட்டது. பேக்கப்? எனக்கு தினமும் வந்த மெயிலை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: டி டிரைவிலிருந்து இ டிரைவுக்கு, அதே மெஷினுக்குள். டூப்ளிகேட் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை.

சரக்கு அனுப்பும்போது அரசுத் தளத்தில் போடும் இ-வே பில், அந்தப் போர்ட்டலில் இருந்ததை இறக்கிவிட்டோம். இ-வே பில் தேவைப்படாத சின்ன பில்லெல்லாம் கார்பன் புத்தகத்தில் கிடக்கிறது, அதில் பாதி எழுத்து தெரியவில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், இரண்டு நம்பருக்கும் தனித்தனியாக. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வியாபாரத்துக்கு வாங்கியதை நுகர்வோர் வழக்காக ஏற்பது கஷ்டம் என்கிறார் வக்கீல். ரூ.1,86,000 சார், ஒரு சீசன் ஓடி ஓடிச் சேர்த்த பணம்.

எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. கிளவுட் கணக்கு உங்கள் பேரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். பேக்கப்பின் ஒரு காப்பி உங்கள் கையில் வேண்டும், அதை உங்கள் கண் முன்னால் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள். நெட் போகிற ஊர் என்றால் குடோன் பெட்டியை விட்டுக்கொடுக்காதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

20-க்குள் மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும், இன்னும் நாலு கார்பன் புத்தகம் பாக்கி இருக்கிறது.