சின்ன கவுண்டர்: தடுமாறும் கதையைத் தாங்கிப் பிடிக்கும் விஜயகாந்த்

1992 பொங்கலுக்கு வெளிவந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தை, விஜயகாந்த் மறைந்த பின்பு, கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து தொடக்கம் முதல் இறுதிவரை மறுபடியும் பார்த்தேன். ஆர்.வி. உதயகுமார் இயக்கிய இந்தப் படத்தின் குறைகள் சிறு வயதில் பார்த்தபோது என் கண்ணில் படவேயில்லை. இப்போது அவை ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஆனாலும் விஜயகாந்தின் நடிப்பின் மேலுள்ள மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

முதற்குறை பேச்சுமொழி. ஒரு காட்சியில் ‘ஏனுங்க’ என்று மரியாதையோடு இழையும் கொங்குத் தமிழ், அடுத்த காட்சியிலேயே எந்த ஊருக்கும் பொருந்துகிற சினிமாக் கிராமத்துப் பேச்சாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை, ஊரின் நீதி முழுவதையும் ஒரு குடும்பத்துப் பெரியவரின் நல்ல மனத்தில் ஏற்றிவைத்துவிட்டு, அவருடைய தோட்டங்காட்டில் பாடுபடுகிறவர்களுக்குத் தீர்ப்பைக் கேட்டுத் தலையசைப்பதைத் தவிர வேறு வேலையே கொடுக்காமல் விட்டிருப்பது. சலீம் கவுஸ் ஏற்ற சர்க்கரைக் கவுண்டர் பாத்திரத்துக்குப் பகையைத் தவிர வேறு முகமில்லை. நாயகி தெய்வானை கொலைப் பழியில் சிக்கிய பிறகு கதை அவசர அவசரமாக ஓடுகிறது.

புகழ்ந்து பாடும் பாட்டாலும் வசனத்தாலும் படம் சின்ன கவுண்டரைத் தெய்வமாக்கப் பாடுபடுகிறது, அவராக வரும் விஜயகாந்தோ அந்தப் புகழைக் காதில் வாங்காதவர்போல மனிதராகவே நடமாடுகிறார். முந்தைய ஆண்டுதான் அவருடைய நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்’ வந்து, காட்டுக்குள் பாய்ந்து சண்டையிடும் அதிகாரியாக ஊரெங்கும் பேசப்பட்டார். மதுரை மண்ணில் வளர்ந்த அதே மனிதர், வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து, குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து பதில் சொல்கிறார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் நான் பார்த்து வளர்ந்த நிதானம் அதுதான். ஆத்தாவாக வரும் மனோரமாவின் முன்னால் அவர் மகனாகக் குழைந்து நிற்பதில் கொஞ்சமும் செயற்கை இல்லை.

பட்ட கடனை அடைக்கத் தெய்வானை மொய் விருந்து வைக்கும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடனுக்காக மொய் விருந்து வைப்பதற்குப் பெயர்பெற்றவை புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஊர்கள். ஆடி மாதத்தில் அங்கே அது பெரும் வழக்கம். கொங்கில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுவோம், நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பியும் செய்வோம். “நம்மூருல கடனடைக்க மொய் விருந்து வெச்சு நான் பாத்ததில்ல கண்ணு” என்றார் அப்பா, எங்கள் வீட்டு மொய் நோட்டுகளை இத்தனை காலமும் காப்பாற்றி வருகிறவர். அவர் சொன்னது நியாயம்தான்.

ஆனால் சின்ன கவுண்டர் பந்தியில் உட்கார்ந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிட்டு எழுந்தவர் இலைக்கடியில் மொய்யாக வைத்துவிட்டுப் போவது தாலி. வேறொருவர் நடித்திருந்தால் வெறும் திருப்பமாக முடிந்திருக்கக்கூடிய அந்த இடத்தில், அவருடைய அடக்கத்தால், ஒரு பெண்ணின் மானத்தை ஊரறியக் காக்கத் துணிந்தவரின் கூச்சமும் உறுதியும் ஒருசேரத் தெரிகின்றன. அந்தக் காட்சி முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.