பாட்டு சார்ட்டா, படக்கதை புக்கா? எங்க கிளாஸ்ல எது ஓடுது

முன்னாடி சேலம் டவுன்ல வேலை, இப்போ ஏற்காட்டுக்கு மேல ஒரு சின்ன ஸ்கூல்ல ஒண்ணு ரெண்டு மூணு எல்லாத்தையும் ஒரே ரூம்ல வெச்சு நடத்துறேன். பிள்ளைங்களுக்கு வாசிக்க கத்துக்குடுக்க ரெண்டு இடத்துலயும் சார்ட்ல எழுதி பாட்டும் பாடியாச்சு, படக்கதையும் வாசிச்சாச்சு.

செலவுனு பார்த்தா பாட்டுக்கு ஈடே இல்ல. சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச்சும் போதும், அதுவும் இல்லனா வாய் இருக்கு. புக்கு அப்படியில்ல, இருபத்தி சொச்சம் பிள்ளைங்களுக்கு ஒரே காப்பி, பின்னாடி உக்காந்தவனுக்கு படம் தெரியல டீச்சர்னு சத்தம். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ் கதைங்க இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம், ஆனா இங்க சிக்னல் வந்தாதானே, அதனால சேலம் இறங்குறப்போ கலர் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வருவேன். போதாக்குறைக்கு இந்த பனில பீரோவுக்குள்ள வெச்ச புக்கெல்லாம் பூசணம் புடிச்சிருது, வெயில் அடிச்சா வராண்டால விரிச்சு வெக்கிறதே ஒரு வேலை.

சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் கத்துக்குடுக்குற அரசுத் திட்டம் எண்ணும் எழுத்தும் 2022ல வந்ததுல இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு கற்றல் நிலைல பிள்ளைங்க ஒண்ணா உக்காந்திருக்காங்க இல்லையா, அங்க பாட்டுதான் கை குடுக்கும். எழுத்தே தெரியாத பிள்ளையும் கை தட்டி சேர்ந்துக்கும், ஸ்கூல் சேர்ந்து ரெண்டு மாசமா வாயே திறக்காத ஒரு பாப்பா முதமுதல்ல சத்தம் குடுத்தது பாட்டுலதான். காப்பி பழம் பறிக்கிற சீசன்ல வீட்டோட தோட்டத்துக்கு போய்ட்டு ஒரு வாரம் கழிச்சு வர்ற பிள்ளைகூட மறுநாளே பாட்ட புடிச்சிக்குது.

ஆனா பாட்டு நல்லா ஏமாத்தும்ங்க. ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் சார்ட் முன்னாடி நின்னு குச்சியால ஒவ்வொரு சொல்லா தொட்டு கடகடனு வாசிச்சான், நானும் பூரிச்சு போய்ட்டேன், ரெண்டு நாள் கழிச்சு உத்து பார்த்தா குச்சி மூணாவது வரில நிக்குது வாய் நாலாவது வரிக்கு போய்டுச்சு. சந்தேகம் வந்து சார்ட்ட தலைகீழா மாட்டினேன். அப்பவும் அசராம வாசிச்சான்! அன்னைல இருந்து பாட்டு வரிய பட்டை பட்டையா வெட்டி கலைச்சு போட்டு அடுக்க சொல்றேன், இல்லனா சார்ட்ல பசுனு இருக்குற இடத்துல எருமைனு ஒட்டி வெச்சுட்டு யார் கண்டுபிடிக்கிறாங்கனு பாக்குறேன். இதெல்லாம் செஞ்சாதான் பாட்டு வாசிப்புக்கு உதவும், சும்மா பாடிட்டு போனா அது பிரேயர் மாதிரிதான்.

படக்கதைல இந்த ஏமாத்து வேலை நடக்காது. பக்கத்த திருப்புறதுக்கு முன்னாடி நிறுத்தி அடுத்து என்னனு கேட்டா போதும், பேச்சு பிச்சுக்கும். டவுன்ல இருந்தப்போ ஒரு கதைல வெறும் மஞ்சள்ல ஒரு மாம்பழம், அது மல்கோவாவா இமாம்பசந்தானு சண்டை, ஒருத்தன் மட்டும் கிளிமூக்குனு அடம், கடைசில அவங்கவங்க பழத்த சிலேட்ல எழுதி காட்டுங்கனு சொன்னேன், அதுவரைக்கும் எழுதவே மாட்டேன்னவன்கூட எழுதினான். இங்க மேல ஒரு கடல் படத்த காட்டினா, "டீச்சர், பகோடா பாயிண்ட்ல பனி எறங்குன மாதிரி இருக்கு"னு ஒரு பொண்ணு, அது ஏற்காட்டுல மலை விளிம்புல இருக்குற இடம். பாட்டுல இப்படி நின்னு பேச எடமே கிடையாது, தாளம் இழுத்துட்டு போய்டும். பாட்டுல வர்ற புரியாத சொல்ல யாரும் கேக்க மாட்டாங்க, கதைல "சென்றான்"னு வந்தா "அப்படின்னா போனானா"னு நிறுத்தி கேப்பாங்க.

அரசு ஸ்கூலுக்கு கதை புக்கு குடுக்குற வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறனு வாசிக்கிற நிலைப்படி பிரிச்சு குடுத்த சன்னமான புக்குங்க பெரிய பிள்ளைங்களுக்குத்தான், ஆனா நுழைல சிலத எங்க மூணாங்கிளாஸும் தாங்குது.

விடுகதை ஒண்ணு இருக்கு நடுவுல, அஞ்சு நிமிஷ கேப்புக்கு நல்லது, பாடமா நடத்த பத்தாது.

ஒண்ணுதான்னு கட்டாயப்படுத்தினா நான் புக்க எடுப்பேன், பூசணத்தோடவே. காலைல முதல் பத்து நிமிஷத்துக்கு மட்டும் பாட்டு.

அந்த தலைகீழ் சார்ட் பையன் போன வாரம் தானா ஒரு புக்க எடுத்து ஜன்னலோரம் உக்காந்தான். ஒரே ஒரு சொல்லுதான், கு... டை... குடைனு எழுத்துக்கூட்டிட்டு, படத்துல குடைய தேடினான், இல்ல. அடுத்த பக்கத்த திருப்பினான்.